கூவலும் கொடியும் பலகையும்: கல்முனைக் கரையோரத்து வணிக அறிவிப்பு

அம்பாறை மாவட்டக் கரையோரத்தின் வட எல்லையில் அமைந்த ஊர் பெரியநீலாவணை. மட்டக்களப்பிலிருந்து தெற்கு நோக்கி வரும் பெருவீதி கல்லாற்றைக் கடந்து இவ்வூரினூடாக மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை எனத் தொடர்கின்றது. கிழக்கே கடல், மேற்கே வாவியும் வயலும். இடைப்பட்ட ஒடுங்கிய மணற்றரையிலே தமிழூரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஊர்கள் யாவும் ஒரே வீதியைப் பற்றி நிற்பதால், இங்கு கடை வைப்போன் தன் பொருளை எவ்விடத்தில் நின்று எவருக்கு அறிவிப்பது என்பதை முதலிலேயே தேர்ந்துகொள்ள வேண்டியவனாகின்றான். இத்தேர்வு புதியதன்று. தமிழர் வணிகத்தில் அதற்கு நெடிய வரலாறு உண்டு.

அகநானூற்றிலே அம்மூவனார் பாடிய 140ஆம் பாடல் இவ்வகையில் நோக்கத்தக்கது. உமணர் மகளொருத்தி கைவளை ஒலிக்க நடந்து, உப்பும் நெல்லும் ஒத்த அளவில் மாற்றப்படும் எனச் சேரியிலே கூவுகின்றாள். பழக்கமற்ற குரலைக் கேட்ட வீட்டு நாய் குரைக்கின்றது, அவள் அஞ்சுகின்றாள். காதற் சுவைக்காகவே இக்காட்சி பெரிதும் எடுத்துக்காட்டப்படுவதுண்டு. ஆயினும் வணிக அறிவிப்பின் கூறுகள் அத்தனையும் இதனுள் அடங்கியுள்ளன. பொருள் இன்னது, விலை இன்னது என்பன கூறப்படுகின்றன. குரல் எட்டும் தொலைவே அறிவிப்பின் எல்லையாகின்றது. கூவுபவள் அயலாள் என்பதை நாய் காட்டிக்கொடுக்கின்றது. அறிமுகமற்றவர் குரலை ஊர் முதலில் ஐயத்தோடுதான் எதிர்கொள்ளும் என்பதைப் புலவர் நன்கு அறிந்திருந்தார்.

கூவல் நடமாடும் வணிகனுக்குரியது. நிலைத்த கடைக்கு உரியது கொடி. பட்டினப்பாலையும் மதுரைக்காஞ்சியும் காட்டும் நகரங்களில் கள் விற்கும் இடத்தைக் கொடி கொண்டே அறிந்தனர். எழுத்தறியாதவனுக்கும் வேற்றுமொழியாளனுக்கும் தொலைவிலிருந்தே விளங்கும் குறி அது. முரசோ வேறு வகையானது. விழாச் செய்தியை யானைமீது முரசறைந்து ஊர் முழுவதற்கும் சாற்றியதைக் காப்பியங்கள் விரிவாகக் கூறும். ஊர் முழுவதையும் கேட்கச் செய்யும் வசதி அரசனுக்கே இருந்தது. வணிகன் தன் வாயிலின் முன் செல்வோரையே நாடினான்.

அச்சும் வானொலியும் இந்நிலையை மாற்றின. 1841இல் யாழ்ப்பாணத்தில் உதயதாரகையும், 1882இல் சித்தி லெப்பையின் முஸ்லிம் நேசனும் தோன்றின. 1950இல் தொடங்கிய இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தென்னிந்தியாவிலும் விரும்பிக் கேட்கப்பட்டது. பற்பசைக்கும் சவர்க்காரத்திற்கும் அது பெருவாய்ப்பாயிற்று. கல்முனைச் சந்தையின் புடைவைக் கடைக்காரனுக்கோ அதனால் விளைந்த பயன் சிறிதே எனலாம். மதுரையிலிருந்து கேட்பவன் கல்முனைக்குச் சாரம் வாங்க வரப்போவதில்லை. அவன் செவிக்கும் சேர்த்தே பணம் கொடுக்க வேண்டும். ஆகவே சிறுகடைகள் பெயர்ப்பலகையையும் துண்டுப் பிரசுரத்தையும் ஒலிபெருக்கி கட்டிய வண்டியையும் நம்பின. இதனைப் பிற்போக்கு எனக் கொள்ளல் பொருந்தாது. வாங்குவோன் எங்கே இருக்கின்றான் என்பதை அறிந்து செய்த கணக்கு அது.

இவ்விடத்தில் மருதமுனையின் நெசவு தனித்து ஆராயத்தக்கது. தலைமுறைகளாகச் சாரமும் சேலையும் நெய்துவரும் அவ்வூர்த் துணிக்கு ஊர்ப்பெயரே விளம்பரம். ஓர் ஊரின் பெயர் ஒருவனின் அடையாளமாக எத்துணை வலிமை பெறும் என்பதற்குப் பெரியநீலாவணையிலேயே சான்றுண்டு. கே. சின்னத்துரை என்னும் கவிஞர் (1931–1975) தமிழுலகுக்கு நீலாவணனாகவே அறிமுகமானவர். நெசவாளரும் தம் பெயரைவிட ஊர்ப்பெயரையே முன்வைத்தனர். தறியின் ஓசை கேட்கும் தெருவிலேயே துணி விற்கப்படும்போது, எங்கே நெய்தது என்ற வினா எழுவதேயில்லை.

1970–1977 காலத்தில் நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடு உள்ளூர்த் தறிகளுக்கு உறுதுணையாயிற்று. 1977இன் பின் திறந்த பொருளாதாரக் கொள்கையால் ஆலைத் துணி மலிவாக வந்து குவிந்தது. கடைத் தட்டில் இரண்டும் அருகருகே கிடக்கையில் அவற்றின் வேறுபாட்டைக் கூறுவதற்குத் தறியோசை அங்கு இல்லை. விலைச்சீட்டு மட்டுமே பேசிற்று. அது ஆலைத் துணியின் பக்கமே பேசிற்று. கைத்தறிக்கு நேர்ந்த இடரில் விலைக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை மறுத்தற்கில்லை. எனினும் நெய்யும் இடத்திலிருந்து விற்கும் இடம் பிரிந்ததையும் அதனோடு சேர்த்தே எண்ணல் வேண்டும்.

இடத்தைப்போலவே காலமும் இக்கரையில் தனித்தன்மை உடையது. பெரும்போக அறுவடை முடிந்ததும் கையில் பணம் புழங்கும். தைப்பொங்கலும் சித்திரைப் புத்தாண்டும் ஆண்டுதோறும் ஏறத்தாழ அதே நாளில் வர, நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் ஆண்டுக்குப் பத்து அல்லது பதினொரு நாள் முன்னோக்கி நகரும். ஏறத்தாழ 33 ஆண்டுகளில் ஒரு சுற்று முடியும். பெருநாள் அறுவடையை ஒட்டி வரும் ஆண்டும், விதைப்புக் காலத்தில் வரும் ஆண்டும் புடைவை வணிகனுக்கு ஒன்றல்ல. இரு சமூகத்தாரும் வாங்கவரும் கடைக்காரன் இரு நாட்காட்டிகளையும் அருகருகே தொங்கவிட்டே துண்டுப் பிரசுரத்தை அச்சிடக் கொடுக்க வேண்டியவனாகின்றான்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை இக்கரையின் இடங்களையே கலைத்தது. வீடுகளோடு தறிகளும் அழிந்தன. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றர் வரை மீளக் கட்டலாகாதென அரசு முதலில் வகுத்த எல்லை குடியிருப்புகளை உள்நோக்கித் தள்ளிற்று. குடியிருப்பு நகர்ந்தால், கடற்கரைத் தெருவின் மூலைக்கடைப் பலகை எவருக்காக நிற்கும்? வாடிக்கையாளர் முகங்களை அறிந்திருந்தவனும் அவர்தம் வழிகளைப் புதிதாகக் கற்க வேண்டியதாயிற்று.

இன்று கைத்தொலைபேசி வரைபடம் அருகிலுள்ள கடையைக் காட்டுகின்றது; குறித்த சில கிலோமீற்றருக்குள் உள்ளோருக்கு மட்டும் விளம்பரத்தை அனுப்பவும் இயலும். உமணப் பெண்ணின் குரலெல்லையே இது. ஆனால் குரைக்கும் நாய் இங்கில்லை: கூவுபவர் ஊரவரா அயலவரா என்பது கேட்பவனுக்குத் தெரியாது. இலங்கைத் தெருக்களில் வலம்வரும் பாண் முச்சக்கரவண்டியோ பீத்தோவன் 1810இல் இயற்றிய இசைத்துண்டொன்றை ஒலித்துத் தன் வரவை அறிவிக்கின்றது. இசையமைத்தவரை அறியாத குழந்தையும் அதைக் கேட்டுப் படலைக்கு ஓடும். எளிய வழியாயினும், இத்தெருவில் இப்பொழுது பாண் உண்டு என்ற செய்தியைத் தவறாது சேர்ப்பதில் வரைபடம் அதனை வென்றுவிட்டதாகக் கூறவியலாது. துணியின் நிலை வேறு. நாள்தோறும் வாங்கப்படாத பொருளுக்கு வரைபடத்தில் இடங்குறித்தல் பயன் தரும். தொலைவிலிருந்து வருவோன் தறி இருக்கும் தெருவுக்கே மீண்டும் வந்துசேர அது வழிகாட்டும்.

எனினும் வரைபடம் ஊர்ப்பெயருக்குக் காவலாகாது. அக்காவலைத் தரவல்லது புவிசார் குறியீடு. இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச்சொத்துச் சட்டம் அதற்கு இடமளித்துள்ளது. 2022இல் இலங்கைக் கறுவா ஐரோப்பிய ஒன்றியத்திலும் அப்பாதுகாப்பைப் பெற்றது. கைத்தறிக்கும் அது வேண்டப்படுமாயின், எந்த எல்லைக்குள் நெய்ததை மருதமுனைத் துணி என்பது, வீதியின் அடுத்த திருப்பத்தில் பெரியநீலாவணைத் தறியொன்றில் நெய்யப்படுவது அதனுள் அடங்குமா என்பவற்றை நெசவாளரே முதலில் தீர்மானிக்க வேண்டியிருக்கும்.