காரின் முன் சுருள்வில்: வந்த வழியும் வரும் பழுதும்

காரின் முன் சக்கரத்தில் சுருள்வில்லுக்கு ஒரே வேலைதான்: வண்டியின் எடையைத் தாங்கிக்கொண்டு, சாலையின் மேடுபள்ளத்துக்கு ஏற்பச் சுருங்கி விரிவது. சக்கரத்தை அதன் இடத்தில் நிறுத்துவது விஷ்போன் எனப்படும் மேல், கீழ்க் கைகளின் பொறுப்பு. ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சர்பரின் பொறுப்பு. பழைய பட்டை ஸ்பிரிங் இந்த மூன்றையும் ஓரளவு தானே செய்தது: எடையைத் தாங்கியது, அச்சைப் பிடித்து நிறுத்தியது, பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால் ஆட்டத்தையும் குறைத்தது. மூன்று வேலைகளும் மூன்று உறுப்புகளுக்குப் பிரிந்த பிறகு, ஓர் உறுப்பின் பழுது இன்னொன்றின் பழுதைப் போலத் தோன்றத் தொடங்கியது. பழங்கார்களின் முன் ஸ்பிரிங் கோளாறுகள் குழப்புவதற்கு இதுவே காரணம்.

சுருள்வில் காரைவிட மிகப் பழையது. வில்லின் நீட்சி அதன்மேல் செலுத்தப்படும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்ற விதியை ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்டார். வண்டிகளுக்கான சுருள்வில்லுக்கு 1763இல் டிரெட்வெல் என்பவர் பிரிட்டனில் காப்புரிமை பெற்றார். ஆனாலும் வண்டித் தொழில் பட்டையை விடவில்லை. சுருள்வில் பக்கவாட்டில் எதையும் பிடித்து நிறுத்தாது. அதை வைத்தால் அச்சைப் பிடிக்கத் தனிக் கைகள் வேண்டும். பட்டை முறிந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். வளைவு குறைந்தால் கொல்லுப் பட்டறையில் காய்ச்சி வளைத்துப் பதம் ஏற்றிக்கொள்ளலாம். 1907இல் விற்பனைக்கு வந்த அமெரிக்காவின் பிரஷ் ரன்அபவுட் நான்கு சக்கரங்களிலும் சுருள்வில் கொண்டிருந்தது. அது விதிவிலக்காகவே நின்றுவிட்டது.

1920களில் முன் சக்கரங்களுக்கும் பிரேக் வந்தது. காற்றழுத்தம் குறைந்த பருத்த டயர்களும் வந்தன. முழு அச்சும் பட்டையும் கொண்ட முன்பகுதி இவற்றைத் தாங்கவில்லை. குறிப்பிட்ட வேகத்தில் சக்கரங்கள் இடமும் வலமுமாகப் படபடத்து, ஸ்டியரிங்கைக் கையிலிருந்து உதறின. பட்டையை விறைப்பாக்கினால் உதறல் குறைந்தது, பயணம் கரடுமுரடானது. மென்மையாக்கினால் உதறல் திரும்பியது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் முதன்மையானவர் மாரிஸ் ஆலி. ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் அமெரிக்கத் தொழிற்சாலையில் பணியாற்றிய இந்த ஆங்கிலேயப் பொறியாளர் 1930இல் ஜெனரல் மோட்டார்ஸின் கேடிலாக் பிரிவுக்கு வந்தார். எடைகளை இடம் மாற்றி வைக்கக்கூடிய ஒரு பெரிய காரை 1932இல் அமைத்து, முன் ஸ்பிரிங் பின் ஸ்பிரிங்கைவிட மென்மையாக இருந்தால் வண்டி முன்னும் பின்னுமாகத் தூக்கிப்போடாது என்று காட்டினார். அந்த மென்மையை முழு அச்சோடு அடைய முடியாது. ஆகவே ஒவ்வொரு முன் சக்கரமும் தனித்தனியே அசைய வேண்டியதாயிற்று. ஜெர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸ் 1933இல் தன் 380 மாடலில் இரட்டை விஷ்போனும் சுருள்வில்லும் கொண்ட முன்பகுதியைத் தந்தது. 1934இல் ஜெனரல் மோட்டார்ஸின் கார்கள் தனித்தியங்கும் முன் சக்கரங்களோடு வந்தன. கேடிலாக், பியூக், ஓல்ட்ஸ்மொபீல் மூன்றும் விஷ்போன் முறையைக் கொண்டன. செவர்லேயும் போன்டியாக்கும் ஆந்த்ரே துபோனே வகுத்த முறையை ஏற்றன. இதில் ஸ்பிரிங் எண்ணெய் நிரப்பிய மூடிய உறைக்குள் இருக்கும். உறை கசிந்தால் உள்ளே நடப்பது வெளியே தெரியாது. செவர்லே 1939இல் விஷ்போனுக்கு மாறியது.

புதிய முறை உற்பத்திக்கும் சவாலாக இருந்தது. அத்தனை ஸ்பிரிங் கம்பியையும் வழவழப்பாகச் சாணை பிடிக்கப் போதிய இயந்திரங்கள் அமெரிக்காவில் இல்லை என்று செவர்லே தரப்பு தயங்கியதை, அப்போது ஜெனரல் மோட்டார்ஸின் தலைவராக இருந்த ஆல்ஃபிரட் ஸ்லோன் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். அந்தக் கவலை நியாயமானது. சுருள்வில் சுருங்கும்போது கம்பி முறுக்கப்படுகிறது. முறுக்கின் தகைவு கம்பியின் மேற்பரப்பில்தான் உச்சம். அங்கே ஒரு கீறல் இருந்தாலும் விரிசல் அதிலிருந்தே தொடங்கும். இதைத் தடுக்கச் சிறு எஃகுக் குண்டுகளை மேற்பரப்பில் பொழிந்து இறுக்கும் முறை பரவியது. அதன் வீச்சை அளக்கும் வழியை ஜெனரல் மோட்டார்ஸின் ஜான் ஆல்மென் வகுத்தார். செய்து முடித்த ஸ்பிரிங்கைத் தொழிற்சாலையிலேயே முழுதாக அமுக்கி, பின்னாளில் குறையக்கூடிய உயரத்தின் பெரும்பகுதியை முன்கூட்டியே குறைத்துவிடுவதும் வழக்கமாயிற்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சிறு கார்களுக்கும் இந்த அமைப்பு வந்தது. அலெக் இஸிகோனிஸ் வகுத்த முன்பகுதி 1947இல் எம்ஜி ஒய் காரில் வெளிவந்து, 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி வரை அடிப்படை மாறாமல் தொடர்ந்தது. இதில் ஷாக் அப்சர்பரின் கையே மேல் விஷ்போன். அது தேய்ந்தால் சக்கரத்தின் சாய்வும் மாறும். டிரையம்ஃப் ஹெரால்டு 1959இல் பிரிட்டனில் அறிமுகமாயிற்று. அதில் சுருள்வில் ஷாக் அப்சர்பரைச் சுற்றி ஒரே தொகுப்பாக நிற்கும். சென்னையை அடுத்த வண்டலூர் வட்டாரத்தில் இயங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆலை 1961 முதல் இதை ஸ்டாண்டர்ட் ஹெரால்டாகத் தயாரித்தது. பம்பாயின் பிரீமியர் நிறுவனம் தயாரித்த ஃபியட் 1100 வகைக் கார்களிலும் முன்னால் விஷ்போனும் சுருள்வில்லும்தான். இந்தியாவில் இன்று மீட்டெடுக்கப்படும் பழங்கார்களில் இவ்விரண்டும் முக்கியமானவை.

முன் சுருள்வில்லுக்கு வரும் பழுதுகள் முக்கியமாக மூன்று: உயரம் குறைந்து உட்கார்ந்துவிடுவது, துருவால் மெலிவது, முறிவது. உட்கார்ந்த ஸ்பிரிங் மென்மையாகிவிட்டது என்று எண்ணுவது பரவலான தவறு. எஃகின் விறைப்புத்தன்மை ஆண்டுகளால் மாறுவதில்லை. குறைவது அதன் நீளம். வண்டி தாழ்ந்து, சக்கரம் மேலெழ இடமின்றி ரப்பர் தடுப்பில் முட்டுவதால் பயணம் முன்னைவிடக் கடினமாகவே தோன்றும். துருவின் கதை வேறு. விறைப்பு கம்பி விட்டத்தின் 4ஆம் அடுக்கைப் பொறுத்தது. விட்டம் 10% குறைந்தால் விறைப்பு சுமார் 34% குறையும். முறிவு பெரும்பாலும் சேறும் நீரும் தங்கும் அடிச்சுற்றில் நேர்கிறது. முறிந்த துண்டு ஸ்பிரிங் அமரும் இருக்கையிலேயே கிடந்தால் கண்ணில் படாது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது எழும் 'டக்' ஒலியே முதல் அறிகுறி.

பழுதைக் கண்டறிய முதலில் வேண்டியது அளவு. டயர்களில் சரியான காற்றுடன் காரைச் சமதளத்தில் நிறுத்தி, முன்பகுதியை அமுக்கி விட்டு, சக்கர மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை இருபுறமும் அளக்க வேண்டும். ஒருபுறம் தாழ்ந்திருந்தால் உடனே அந்தப் பக்க ஸ்பிரிங்கைக் குற்றம் சொல்லக் கூடாது. பின்புறத்தின் எதிர்மூலையில் உள்ள கோளாறும் முன்னால் சாய்வாகத் தெரியும். பின்பகுதியை நடுவில் ஒற்றை ஜாக்கியால் தாங்கிவிட்டு மீண்டும் அளந்தால் உண்மை விளங்கும். அப்போதும் சாய்வு நீடித்தால் இரு ஸ்பிரிங்குகளையும் பக்கம் மாற்றிப் பூட்டலாம். சாய்வும் பக்கம் மாறினால் குற்றம் ஸ்பிரிங்கில். மாறாவிட்டால் புஷ், ஸ்பிரிங் இருக்கை, வளைந்த விஷ்போன், சேஸிஸ் ஆகியவற்றில் தேட வேண்டும். சில கார்களில் ஓட்டுநரின் எடைக்காக இருபுறமும் வெவ்வேறு ஸ்பிரிங் இருக்கும் என்பதால், இதற்குமுன் கையேட்டைப் பார்ப்பது நல்லது. காரை அமுக்கி விட்டதும் அது பலமுறை ஆடினால் தேய்ந்தது ஷாக் அப்சர்பர். சாதாரண எண்ணெய் ஷாக் அப்சர்பர் வண்டியின் உயரத்தைத் தாங்குவதில்லை. ஹெரால்டில் ஸ்டியரிங் கடினமாக இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது கீழ் டிரன்னியன் என்னும் திருகு மூட்டு. அதற்குக் கிரீஸ் அல்ல, கியர் எண்ணெய் ஊற்ற வேண்டும். வறண்டால் அதில் திருகிய செங்குத்துத் தண்டு முறிந்து சக்கரமே சரிந்துவிடும்.

பட்டைக் காலத்தின் வைத்தியம் இங்கே கேடாக முடியும். சுருள்வில்லைக் காய்ச்சி இழுத்தால் தொழிற்சாலையில் ஏற்றிய பதமும் மேற்பரப்பின் இறுக்கமும் போய், மீண்டும் விரைவில் உட்காரும். உயரத்தைக் குறைக்க ஒரு சுற்றை வெட்டினால் விறைப்பு கூடும்: 8 சுற்றுகள் 7 ஆனால் ஏறத்தாழ 14%. அடியில் வளையம் வைத்து உயர்த்துவது சிறு வேறுபாட்டுக்கு மட்டுமே பொருந்தும். மாற்றும்போது இரண்டையும் இணையாகவே மாற்ற வேண்டும். அமுங்கிய ஸ்பிரிங் ஆளைக் கொல்லும் விசை கொண்டது. உரிய கம்ப்ரசரால் கட்டுப்படுத்திய பிறகே போல்ட்டைத் தளர்த்தலாம். ரப்பர் புஷ் போல்ட்டுகளைக் கார் தரையில் தன் எடையோடு நிற்கும்போதே இறுதியாக முறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகியே நின்று, உயரத்தைத் தவறாகக் காட்டி, விரைவில் கிழியும். புதிய ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டர் ஓடித் தன் உயரத்தில் நிலைத்த பிறகே வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். உயரம் மாறினால் சக்கரத்தின் சாய்வும் அது நோக்கும் திசையும் மாறும் என்பதால், முன்னதாகச் செய்த அலைன்மென்ட் வீணாகி, டயரின் ஒரு விளிம்பு தேய்ந்துவிடும்.