ஊடலுக்கு ஒரு தெரு

திருவண்ணாமலை என்றதும் எவர் நினைவிலும் முதலில் எழுவது கார்த்திகைத் தீபம்தான். பத்து நாள் விழா, ஐந்து தேர்கள், மலையுச்சியில் கொப்பரை, இலட்சக்கணக்கில் மக்கள். அதைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. இனி நாமும் எழுதிச் சேர்க்க வேண்டியது அதிகமில்லை. இக்கட்டுரையில் நாம் பேச விழைவது அதைவிடக் கூட்டம் குறைந்த, ஆனால் இலக்கிய வாசகனுக்கு அதைவிட நெருக்கமான ஒரு வாரத்தைப் பற்றி. மார்கழி முடிந்து தை பிறக்கும் வாரம் அது. வெளியூர்ப் பேருந்துகள் பொங்கலுக்குச் சொந்த ஊர் போகிறவர்களைச் சுமந்து செல்லும் அந்நாள்களில், இந்நகரத்தின் வீதிகளில் ஒரு நாடகம் நடக்கிறது. நுழைவுச் சீட்டு இல்லை, மேடை இல்லை, திரை இல்லை. நடிப்பவர்கள் செப்புத் திருமேனிகள்.

அண்ணாமலையார் கோயிலில் ஆண்டுக்கு நான்கு பிரம்மோற்சவங்கள்: கார்த்திகை, உத்தராயணம், தட்சிணாயனம், ஆடிப்பூரம். இவற்றுள் உத்தராயண புண்ணியகால விழா மார்கழியின் பிற்பகுதியில் கொடியேறிப் பத்தாம் நாளான தை முதல் தேதியன்று தாமரைக் குளத்துத் தீர்த்தவாரியுடன் நிறைவுறுகிறது. திருவெம்பாவை இவ்வூரில் பாடப்பெற்றது என்பது மரபு. கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் மாணிக்கவாசகருக்குத் தனிக்கோயில் உண்டு. ஆகவே விடியலில் திருவெம்பாவை, மாலையில் வீதியுலா என்று மார்கழி கழிகிறது. தை இரண்டாம் நாள் மாட்டுப் பொங்கல். அன்று காலை பெரிய நந்திக்குக் காய்கனிகளாலும் வடை, முறுக்கு முதலிய பலகாரங்களாலும் மாலை கட்டிச் சாத்துகிறார்கள். அண்ணாமலையார் நந்திக்குக் காட்சி தந்து, திட்டிவாசல் வழியே வெளிவந்து சூரியனுக்கும் காட்சி தருகிறார். மாட வீதிகளைச் சுற்றி வருகிறார்கள் இறைவனும் இறைவியும். அதுவரை எல்லாம் சுமுகம்.

சிக்கல் மாலையில் தொடங்குகிறது. அதற்கென்றே இவ்வூரில் ஒரு தெரு இருக்கிறது. அதன் பெயரே திருவூடல் தெரு. அரசர் பெயராலும் தலைவர் பெயராலும் தெருக்கள் உள்ள நாட்டில், அகத்துறைச் சொல்லொன்றின் பெயரால் அமைந்த தெரு வேறெங்கும் இருப்பதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

கதை வாசகர்கள் அறிந்ததே. பிருங்கி முனிவர் சிவனையன்றி வேறெவரையும் வணங்கமாட்டார். அம்மையும் அப்பனும் ஓருடலாய் நின்றபோதும் வண்டு வடிவெடுத்துத் துளைத்துச் சென்று அப்பனை மட்டும் வலம் வந்தவர். அம்மை சினந்து அவர் உடலின் சக்தியைப் பறித்துக்கொள்ள, நிற்க மாட்டாது மூன்றாம் கால் பெற்றவர். அத்தகைய அடியவனுக்கு இறைவன் அருள் செய்யப் போகிறான் என்பதே அம்மையின் ஊடலுக்குக் காரணம். பரத்தையை நயந்த தலைவனோடு தலைவி ஊடுவது மருதத்திணையின் வழக்கம். இங்கே பக்தன் ஒருவனே அந்த மற்றவள் இடத்தில் நிற்கிறான். இதில் இன்னொரு நயமும் உண்டு. கார்த்திகைத் தீபத்தன்று மாலை, மலைமேல் சுடர் தோன்றும் தறுவாயில், அர்த்தநாரீசுவரர் சில நிமிடங்கள் மட்டும் வெளியே வந்து ஆடிக் காட்சி தந்து உள்ளே போய்விடுகிறார். கார்த்திகையில் ஓருடல், தையில் தெருவின் இரு முனைகளில் இரு பல்லக்கு.

இறைவன் ஒருபுறம், உண்ணாமுலையம்மன் ஒருபுறம், நடுவே தூதராகச் சுந்தரமூர்த்தி நாயனார். அவர் இங்கிருந்து அங்கே போகிறார், அங்கிருந்து இங்கே வருகிறார். திருமேனிகளின் முகத்தில் மாற்றம் இராது. சினமும் கெஞ்சலும் தெரிவது அவர்களைச் சுமப்பவர்களின் காலில்தான். முன்னால் விரைந்து, தயங்கி, பின்வாங்கி, மீண்டும் நெருங்கி என்று தோளில் தண்டு ஏந்தியவர்கள் நடக்கும் நடையே அபிநயம். இதைக் கண்டபின் நவீன நாடகக்காரர்கள் உடல்மொழியைப் பற்றிப் பேசும்போது நமக்குச் சற்றே சிரிப்பு வருவதுண்டு. தூது பலிப்பதில்லை. அம்மன் கோயிலுக்குள் சென்று கதவடைத்துக்கொள்கிறாள். இறைவன் அன்றிரவு குமரக்கோயிலில், அதாவது மகன் வீட்டில், தங்க நேர்கிறது. மறுநாள் தனியே மலையை வலம் வருகிறார். வழியில் பிருங்கிக்குக் காட்சி தருவதாக ஐதீகம். அண்ணாமலையார் தாமே கிரிவலம் வருவது ஆண்டில் இரு முறைதான். ஒன்று தீபத்துக்குப் பின், மற்றொன்று இது. பதினான்கு கிலோமீட்டர் சுற்றித் திரும்பியபின் மறுவூடல் நடந்து இருவரும் இணைகிறார்கள்.

இனி நம்மை மிகவும் கவர்ந்த பகுதிக்கு வருகிறோம். தூது போக ஏன் சுந்தரர்?

தேவார மூவருள் சம்பந்தருக்கும் அப்பருக்கும் அண்ணாமலைப் பதிகங்கள் உண்டு. சுந்தரர் பாடியதாக இத்தலத்துக்கு ஒரு பதிகமும் இன்று கிடைக்கவில்லை. பாட்டில் இடம்பெறாத ஊரில் அவருக்கு நாடகத்தில் தலைமைப் பாத்திரம் கிடைத்திருப்பதன் காரணத்தைச் சேக்கிழாரிடம்தான் தேட வேண்டும். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்த சுந்தரர் திருவாரூர் திரும்பியபோது பரவையார் கதவடைத்தார். இரவோடு இரவாகத் தூது நடந்தவர் சிவபெருமானே. முதன்முறை அர்ச்சகர் வடிவில் போய்த் தோற்று, மறுமுறை தம் உருவிலேயே போய் வென்றார். அடியான் ஒருவன் ஆண்டவனை ஒரு பெண்ணின் வாயிலுக்குத் தூதனுப்பிய கொடுமையைக் கேட்டு ஏயர்கோன் கலிக்காமர் கொதித்துப்போன வரலாறு பெரியபுராணத்தின் உச்சமான இடங்களுள் ஒன்று. அந்தக் கடனைத் திருவண்ணாமலைத் தெருவில் சுந்தரர் ஆண்டுதோறும் திருப்பிச் செலுத்துகிறார். ஆரூரில் நண்பனுக்காக நண்பன் நடந்தான். அண்ணாமலையில் அவனுக்காக இவன் நடக்கிறான். ஆனால் இவரால் வெல்ல முடியவில்லை. தம் வீட்டு ஊடலையே தாம் தீர்க்க மாட்டாதவரைத் தூதுக்குத் தேர்ந்த இறைவனின் பேதைமையை என்னென்பது!

பின்னணியில் இன்னும் பழையதொரு மரபு நிற்கிறது. ஊடல் தீர்க்கும் வாயில்கள் யார் யார் என்று தொல்காப்பியர் கற்பியலில் பன்னிருவரை எண்ணிச் சொல்கிறார். தோழியும் தாயும் விருந்தினரும் இருக்கும் அதே பட்டியலில் பாணன், பாடினி, கூத்தர், விறலியர் என நான்கு கலைஞர்களும் இருக்கிறார்கள். பாடுகிறவனும் ஆடுகிறவளும் ஒரு குடும்பத்தின் பிணக்கைத் தீர்க்க உரிமை பெற்ற சமூகம் அது. வள்ளுவரும் தம் நூலை ஊடலுவகையில்தான் முடித்தார். ஆகவே பாடகராகிய சுந்தரர் வாயிலாக நடப்பது புராணத்தால் மட்டும் வந்ததன்று, இலக்கணத்தாலும் வந்தது. திருவரங்கத்தில் பங்குனி உத்திரத்தன்று நடக்கும் பிரணயகலகத்தை இதனுடன் ஒப்பிடலாம். உறையூர் போய்த் திரும்பும் அரங்கனுக்குத் தாயார் கதவடைக்கிறாள். சமாதானம் செய்பவர் நம்மாழ்வார். அங்கும் கவிஞரே வாயில். ஆனால் அங்கே நாடகம் கோயிலுக்குள், தாயார் சன்னிதி முன் நடக்கிறது. அண்ணாமலையில் தெருவில் நடக்கிறது. வீட்டுச் சண்டை தெருவுக்கு வந்துவிட்டது என்று நம் பெண்கள் கூசிச் சொல்வார்களே, அதையே விழாவாக்கிய ஊர் இது.

இவையெல்லாம் இலவசமா? பார்ப்பவனுக்கு இலவசம். செலவு யாரோ செய்துகொண்டே வந்திருக்கிறார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்கு எரிக்க 90 அல்லது 96 ஆடுகள் விடப்பட்டதைக் காண்கிறோம். சாவா மூவாப் பேராடு என்று அவற்றுக்குப் பெயர். செத்ததை ஈடுசெய்து எண்ணிக்கையைக் குறையாமல் வைத்திருப்பது இடையனின் பொறுப்பு. ஒரு சுடரின் பின்னால் ஒரு மந்தையும் ஒரு குடும்பமும் இருந்தன. திருவண்ணாமலைக் கல்வெட்டுகளைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பி.ஆர்.சீனிவாசனைக் கொண்டு பதிப்பித்து, கட்டடக்கலை, சமூகவியல் ஆய்வுகளுடன் ஐந்து தொகுதிகளாக வெளியிட்டிருக்கிறது. இத்தகைய கொடைகளின் நீண்ட வரலாற்றை அத்தொகுதிகளில் காணலாம். 1516ஆம் ஆண்டுக் கல்வெட்டில் கிருஷ்ணதேவராயர் ஆயிரங்கால் மண்டபம், குளம், பதினொரு நிலைக் கோபுரம் ஆகிய பணிகளைச் சொல்லிக்கொள்கிறார்; 217 அடி உயரமுள்ள அக்கோபுரத்தை முடித்தவர் தஞ்சை நாயக்கர் செவ்வப்பர். மன்னர்கள் போனபின் கட்டளை, உபயம், மண்டகப்படி என்ற முறைகள் நின்றன. இன்ன நாள் இன்னார் உபயம் என்பது பணக்கணக்கு மட்டுமன்று. ஊரில் யார் யார் என்பதன் கணக்கும்கூட. தீபக் கொப்பரையை ஏற்றும் உரிமை பர்வதராஜகுலத்தாருடையது என்பதை அவர்கள் எத்தனை பெருமையோடு சொல்கிறார்கள் என்பதைக் கேட்டவர்கள் அறிவார்கள்.

கோயிலுக்கு வெளியேயும் இதே வழக்கம்தான். மாவட்டத்தின் கிராமங்களில் திரௌபதியம்மன் விழாவென்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து என்று நாள்கணக்கில் நடந்து படுகளத்திலும் தீமிதியிலும் முடியும். கூத்துக் குழுவுக்கான பணம் ஊர்வரியாகத் திரட்டப்படும். செய்யாறு வட்டத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் குடும்பம் காத்த கூத்தைச் சென்னையின் நவீன நாடகத்துக்குக் கொண்டு சேர்த்ததில் ந.முத்துசாமிக்கும் கூத்துப்பட்டறைக்கும் உள்ள பங்கு இலக்கிய வாசகர்களுக்குப் புதிதன்று. தொல்காப்பியர் சொன்ன கூத்தர் இன்னும் இருக்கிறார்கள்.

கூத்தர் இருக்கிறார்கள், விறலியர்? வீதியுலாவின் முன்னே ஆடியும் பாடியும் சென்ற தேவரடியார் மரபு 1947ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முடிவுக்கு வந்தது. பொட்டுக்கட்டும் வழக்கம் ஒழிந்தது நல்லதே. அதில் நமக்கு இரண்டு கருத்தில்லை. ஆயினும் அக்கலையைச் சுமந்த பெண்கள் பின்னர் என்ன ஆனார்கள், அதை மேடைக்கு எடுத்துச் சென்றவர்கள் யார் என்பதைத் தமிழ்ச் சூழல் போதுமான அளவு பேசவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதே 1947இல்தான் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசத்துக்கு முழுமையான சட்டமும் வந்தது. 1939 ஜூலை 8 அன்று மதுரையில் வைத்தியநாதய்யர் தாழ்த்தப்பட்ட மக்களுடன் மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்த செய்தி பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதற்கு முன்னர் இந்த நாடகங்களைச் சீட்டில்லாமல் பார்த்தவர்கள் யாவர், எந்தத் தெருமுனைக்கு அப்பால் நிறுத்தப்பட்டவர்கள் யாவர்? கல்வெட்டுகள் கொடுத்தவர் பெயரைப் பொறிக்கும். பார்க்க விடப்படாதவர் பெயரைப் பொறிப்பதில்லை. இது பழங்கதையும் அன்று. இதே மாவட்டத்தில், தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலில், ஊரின் பட்டியல் சாதி மக்கள் 2023 ஜனவரி 30 அன்றுதான் ஆட்சியரும் காவல்துறையும் உடன்நிற்க முதன்முதலாக உள்ளே சென்று பொங்கலிட்டார்கள். அதுவும் தை மாதம்தான். அவர்கள் கேட்டதும் விழாவில் தங்களுக்கும் ஓர் இடம் என்பதைத்தான். எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் கோயிலுக்கு வெளியே திரண்டு நின்றார்கள்.

கட்டணத்தால் வரும் வேலி வேறு வகை. பரணி தீபத்துக்கும் மகாதீபத்துக்கும் கோயிலுக்குள் நின்று காண இணையத்தில் 500, 600 ரூபாய்ச் சீட்டுகள் விற்கப்பட்டிருக்கின்றன. நெரிசலை ஒழுங்கு செய்ய வேறு வழியில்லை என்று நிர்வாகத் தரப்பில் சொல்லக்கூடும்; அதில் உண்மையில்லாமலும் இல்லை. ஆனால் மலையுச்சித் தீபத்துக்கு யாராலும் சீட்டு அச்சிட முடியாது. பல காத தூரத்து வயற்காட்டில் நிற்பவனும் பார்க்கிறான். திருவூடலுக்கோ இன்னும் எவரும் சீட்டைப் பற்றி நினைக்கவில்லை. தெருவில் முன்கூட்டிப் போய் ஒரு திண்ணையைப் பிடித்துக்கொண்டால் போதும். திண்ணை கிடைப்பதுதான் வரவர அரிதாகிவிட்டது.

தை முடிவதற்குள் இதே தெய்வங்களைக் கொண்டு இன்னொரு நாடகமும் நடக்கிறது. இதில் வருபவர் புராண முனிவர் அல்லர், வரலாற்று மன்னர். போசள மன்னன் மூன்றாம் வீர வல்லாளன் வடக்கே தலைநகரை இழந்தபின் திருவண்ணாமலையைத் தன் இருப்பிடமாகக் கொண்டிருந்தான். கோயிலுள் வல்லாள கோபுரம் அவன் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1342இல் மதுரைச் சுல்தானோடு நடந்த போரில் முதியவனான அவன் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். உரித்த தோலில் வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததை இபின் பதூதா எழுதிவைத்திருக்கிறார். ஊர் அந்தக் கதையை வேறுவிதமாக வைத்துக்கொண்டது. எல்லப்ப நாவலரின் அருணாசல புராணம் சொல்வதுபோல், மகப்பேறற்ற அம்மன்னனுக்கு இறைவனே குழந்தையாய் வந்தான். மகன் ஆனதால் ஈமக்கடனும் அவனுடையதாயிற்று.

தைப்பூசத்தன்று அண்ணாமலையார் ஈசானியக் குளத்துக்குத் தீர்த்தவாரிக்கு மேளதாளத்துடன் செல்கிறார். அங்கே அவருக்கு மன்னன் போரில் மாண்ட செய்தி சொல்லப்படுகிறது. நாகசுரமும் தவிலும் அக்கணமே நின்றுவிடுகின்றன. போகும்போது ஆரவாரத்துடன் போன ஊர்வலம் வந்த வழியே ஓசையின்றித் திரும்புகிறது. மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில், கௌதம நதிக்கரையில், வல்லாள மகாராஜனுக்குத் திதி கொடுக்கப்படுகிறது. ஆறு பெரும்பாலும் வறண்டிருக்கும். சுற்றுக் கிராமத்து மக்கள் தத்தம் முன்னோர்க்குரிய கடன்களையும் அன்றே அங்கேயே முடித்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள்.