சட்டவியல் முதுநிலைப் பட்டம் (அமெரிக்கா)

வழக்கறிஞராகும் எண்ணமின்றித் தம் பணிக்காகச் சட்டம் கற்க விரும்பும் பட்டதாரிகளுக்கு அமெரிக்கச் சட்டக் கல்லூரிகள் வழங்கும் பட்டம். எம்.எல்.எஸ்., எம்.எஸ்.எல்., ஜூரிஸ் மாஸ்டர் என்று கல்லூரிக்கொரு பெயர் உண்டு. முழுநேரமாகப் படித்தால் பெரும்பாலும் ஓராண்டில் முடியும். வேலை பார்த்துக்கொண்டே இணையவழியில் படிப்போருக்குக் கூடுதல் காலம் பிடிக்கும். எல்.எல்.எம். வேறு, அது ஏற்கெனவே சட்டம் படித்தவர்களுக்கானது.

இவ்வகைப் பட்டங்களில் புகழ்பெற்றது யேல் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்.எல். நீதிமன்றச் செய்தி எழுதும் பத்திரிகையாளர்கள் பலர் அங்கே படித்திருக்கிறார்கள். 1978இல் இப்பட்டம் பெற்ற லிண்டா கிரீன்ஹவுஸ், அதன்பின் நியூயார்க் டைம்ஸ் இதழுக்காக ஏறத்தாழ 30 ஆண்டுகள் உச்ச நீதிமன்றச் செய்திகளை எழுதினார். 1998இல் புலிட்சர் பரிசு பெற்றார். 2003இல் பட்டம் பெற்ற சார்லி சாவேஜ், சட்டங்களில் கையெழுத்திடும்போது அதிபர் புஷ் இணைத்துவந்த மறுப்புக் குறிப்புகளைப் பற்றி பாஸ்டன் குளோப் இதழில் எழுதி, 2007இல் அதே பரிசை வென்றார். சட்ட வாசகத்தை வரிவரியாகப் படிக்கத் தெரிந்தவர் மட்டுமே எழுதக்கூடிய செய்தி அது.

யேலில் எம்.எஸ்.எல். மாணவர்கள், வழக்கறிஞராவதற்கான ஜே.டி. படிப்பின் முதலாண்டு மாணவர்களோடு அமர்ந்து தீர்ப்புகளைப் படிக்கிறார்கள். அமெரிக்கச் சட்ட வகுப்புகளில் தவறாமல் வரும் வழக்கு, 1928ஆம் ஆண்டின் பால்ஸ்கிராஃப் வழக்கு. நகரும் ரயிலில் ஏற முயன்ற ஒருவரை ரயில் நிறுவனத்தின் காவலர்கள் இருவர் கைகொடுத்து ஏற்றுகின்றனர். அவர் கையிலிருந்த பொட்டலம் விழுந்து, உள்ளிருந்த பட்டாசு வெடிக்கிறது. நடைமேடையின் மறுகோடியிலிருந்த எடை இயந்திரம் சாய்ந்து ஒரு பெண் காயமடைகிறார். ரயில் நிறுவனம் இழப்பீடு தர வேண்டுமா? வேண்டாம் என்று நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் 4-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அந்தப் பெண்ணுக்கு நேரக்கூடிய ஆபத்தைக் காவலர்கள் முன்கூட்டி ஊகித்திருக்க முடியாது என்பது நீதிபதி கார்டோசோ சொன்ன காரணம். பொறுப்பு எதுவரை நீளும் என்று இப்படி யோசிக்கப் பழகுவதே இப்படிப்பின் உண்மையான பயன்; சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்வதல்ல.

நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் தன் எம்.எஸ்.எல். படிப்பை அறிவியல், பொறியியல் துறையினருக்கென அமைத்துள்ளது. காப்புரிமையும் அரசு ஒழுங்குமுறையும் அதில் முக்கியப் பாடங்கள். நோயாளிகளின் தகவல்களைக் காக்கும் 1996ஆம் ஆண்டின் ஹிப்பா சட்டத்தோடு அன்றாடம் மல்லுக்கட்டும் மருத்துவமனை நிர்வாகிகளும், மனிதவளத் துறையினரும் இத்தகைய படிப்புகளை நாடுகின்றனர்.

இப்பட்டத்தைக் கொண்டு நீதிமன்றத்தில் வாதாடவோ, கட்டணம் வாங்கிச் சட்ட ஆலோசனை சொல்லவோ முடியாது. பெரும்பாலான மாநிலங்களில் அதற்கு மூன்றாண்டு ஜே.டி. பட்டமும் வழக்கறிஞர் உரிமத்துக்கான பார் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் அங்கீகாரமும் ஜே.டி. படிப்புக்கே உரியது. ஆகவே, கையில் ஒரு தொழில் இருந்து, அதில் சட்டம் அடிக்கடி குறுக்கிடுமானால் இப்படிப்புக்குச் செலவிடலாம். வழக்கறிஞராகக் குறுக்குவழி தேடுவோர் சேர வேண்டாம்.