நீர் போகும், உப்பு நிற்கும்

மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிய கிழக்குக் கடற்கரைச் சாலையில் எங்கள் கார் மறுபடியும் கொதித்து நின்றது. ரேடியேட்டரில் நீர் குறைந்திருந்தது. தரையிலோ ஒரு சொட்டும் இல்லை.

1888-இல் இது பழுதன்று. அவ்வாண்டு பெர்த்தா பென்ஸ் அம்மையார் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை ஓட்டிய வண்டி, நீரை ஆவியாக்கியே குளிர்ந்தது. வழிநெடுக நீர் ஊற்ற வேண்டியிருந்தது. 1900-இல் மைபாக் வடிவமைத்த தேன்கூட்டு ரேடியேட்டர், அதே நீரைச் சுழலவிட்டுக் காற்றால் ஆற்றும் முறைக்கு வலுவூட்டியது. நீர் குறைவது பின்னர்தான் குற்றமாயிற்று.

பாத்திகளில் நீர் போய் உப்பு நிற்பதைக் கண்டபின், எந்திரத்தில் வெண்படலம் தேடினோம். நீர்ப்பம்பின் அடியில் இருந்தது. கசிவு சூட்டிலேயே உலர்ந்திருக்கிறது. ஆறியபின் அழுத்தம் ஏற்றிச் சோதித்தபோது அங்கேதான் துளிர்த்தது. பம்பை மாற்றினோம். படலம் எங்கள் பிழையையும் சொல்லிற்று: உவர்க்கிணற்று நீரை ஊற்றிவந்தவர்கள் நாங்களே. இப்போது வாலைநீரில் கலந்த கூலன்ட் மட்டுமே ஊற்றுகிறோம்.