கரையில் பிறந்த வினைச்சொல்

பிரெஞ்சு படிக்கத் தொடங்கியதுமே எதிர்ப்படும் வினை 'அரிவே'. வந்து சேர்வது என்று பொருள். ரயிலோ தபாலோ விருந்தாளியோ, எது வந்தாலும் இது போதும். ஆனால் பிறந்தபோது இந்தச் சொல்லுக்குத் தரைவழியே தெரியாது.

லத்தீனில் 'ரீப்பா' என்றால் கரை. பாரிஸ்காரர்கள் சேன் நதியை வைத்து ஊரை இடக்கரை, வலக்கரை என்று பிரித்துச் சொல்லும் 'ரீவ்' அதன் வாரிசு. 'நோக்கி' என்ற பொருளில் 'அத்' முன்னால் ஒட்டிக்கொள்ள, பேச்சு லத்தீனில் உருவான வினைதான் 'அரிவே' ஆனது. 11ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சில் அதற்குப் படகு கரை சேர்வதுதான் பொருள். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஆங்கிலத்துக்குள் போன 'அரைவ்' என்ற சொல்லும் முதலில் கப்பலிலிருந்து கரையிறங்குவதையே குறித்தது.

உறவு மொழிகளின் கதை இன்னும் வேடிக்கை. 'மடி' என்று பொருள்படும் ஒரே லத்தீன் வினையிலிருந்து வந்த ஸ்பானிஷ் 'யெகார்' வந்து சேர்வது. ருமேனிய 'ப்ளெகா' கிளம்பிப் போவது. மாலுமி பாயை மடித்தால் வந்துவிட்டான், சிப்பாய் கூடாரத்தை மடித்தால் புறப்பட்டுவிட்டான் என்று விளக்கம் சொல்வார்கள்.

கரையை மறந்த 'அரிவே' பிறகு எங்கெல்லாமோ நுழைந்தது. விபத்து 'வந்து சேர்ந்தால்' நடந்துவிட்டது என்று அர்த்தம். 'ஸா அரீவ்' என்றால் இதெல்லாம் சகஜம். கணக்கு வராத பையனும் பாட்டில் மூடியோடு மல்லுக்கட்டுகிறவரும் 'ஜ நீ அரீவ் பா' என்பார்கள்: என்னால் முடியவில்லை. நாமும் 'எனக்கு நீச்சல் வராது' என்கிறோம்தான். நம்மிடம் நீச்சல் வர வேண்டும். அவர்களிடம் ஆள் போய்ச் சேர வேண்டும்.

இலக்கணத்தில் கொஞ்சம் ராங்கிக்காரச் சொல். பெரும்பாலான வினைகள் இறந்தகாலத்தில் 'உடைமை' துணைவினையோடு போக, இது 'இருத்தல்' துணைவினையைத்தான் சேர்க்கும். வந்தவர் பெண்ணானால் எழுத்தில் ஓர் எழுத்து கூடும், காதில் விழாது.

வாழ்க்கையில் முன்னுக்கு வந்தவரைச் சொல்லவும் இதே வினைதான். நம் 'கரையேறிவிட்டார்' போல. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதிலிருந்து 'அரிவீஸ்த்' முளைத்தது: யாரை மிதித்தாவது மேலே வரத் துடிப்பவர். வசைச்சொல்தான்.

அன்றாடம் காதில் விழுவது 'ஜாரீவ்!', அதாவது 'வருகிறேன்!' சர்வரைக் கூப்பிட்டால் நிகழ்காலத்தில் இப்படிக் குரல் கொடுப்பார். நம்மூர் சர்வர் இன்னும் வேகம், 'இதோ வந்துட்டேன்' என்று வராமலேயே வேலையை முடித்துவிடுவார். இரண்டு பேரும் அப்போது வேறொரு மேசையில் ஆர்டர் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.