டெபியன், உபுண்டு வழங்கல்களில் பிட்ஜின்: பொதியாக்க வரலாறு

பிட்ஜின் என்பது பல உரையாடல் சேவைகளை ஒரே சாளரத்தில் பயன்படுத்த உதவும் கட்டற்ற மென்பொருள் ஆகும். 2007 வரை இதன் பெயர் கெய்ம். லினக்சு வழங்கல்களுக்காக இது பொதியாக்கப்பட்ட வரலாறு, பொதியாக்கத்தின் அடிப்படைச் சிக்கல் ஒன்றைக் காட்டுகிறது. வழங்கல் தன் பொதிகளை மாறாமல் வைத்திருக்க முயல்கிறது; உரையாடல் சேவையோ எந்த நாளிலும் மாறக்கூடியது.

தோற்றம்

அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழக மாணவராக இருந்த மார்க் ஸ்பென்சர் 1998ஆம் ஆண்டின் இறுதியில் இதை எழுதத் தொடங்கினார். ஏஓஎல் நிறுவனத்தின் 'எய்ம்' உரையாடல் சேவையை லினக்சிலும் பயன்படுத்த வழி செய்வதே நோக்கம். குனூ பொது மக்கள் உரிமத்தில் வெளியான இம்மென்பொருளில் ஐசிகியூ, யாகூ, எம்எஸ்என், ஜாபர் ஆகியவற்றுக்கான ஆதரவும் பின்னர் சேர்ந்தது.

பொதியாக்கும் முறை

மூலநிரலை எழுதுவோர் வேறு, அதை ஒரு வழங்கலுக்கு ஏற்பப் பொதியாக்கும் பராமரிப்பாளர் வேறு. டெபியனில் பராமரிப்பாளர் மூலநிரலுடன் 'டெபியன்' என்ற கோப்புறையைச் சேர்க்கிறார். பொதியின் சார்புகள், தொகுக்கும் விதிகள், மாற்றப் பதிவு, உரிம விவரம் ஆகியவை அதில் இருக்கும்.

பிட்ஜினின் ஒரே மூலநிரலிலிருந்து பல பொதிகள் உருவாகின்றன. வரைகலைச் சாளரம் 'பிட்ஜின்' பொதியிலும், முனையத்தில் இயங்கும் வடிவம் 'ஃபின்ச்' பொதியிலும், சேவைகளுடன் பேசும் நிரலகம் 'லிப்பர்ப்பிள்' பொதியிலும் உள்ளன. இதனால் முனையத்தில் மட்டும் உரையாட விரும்புபவர் வரைகலைக் கூறுகளை நிறுவ வேண்டியதில்லை. மேக் கணினிகளுக்கான 'ஏடியம்' மென்பொருளும் இதே நிரலகத்தைப் பயன்படுத்துகிறது.

பெயர் மாற்றம்

கெய்ம் என்ற பெயர் தொடர்பாக ஏஓஎல் நிறுவனத்துடன் நீண்ட நாள் வணிகச்சின்னச் சிக்கல் இருந்தது. உடன்பாடு ஏற்பட்டு, பிட்ஜின் என்ற புதிய பெயர் 2007 ஏப்ரல் 6 அன்று அறிவிக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 8 அன்று, டெபியன் 4.0 'எட்ச்' வெளியானது. அதில் இருந்தது கெய்ம் 2.0.0இன் சோதனைப் பதிப்பு. எனவே மூலத்திட்டம் கைவிட்ட பெயரை அந்த வழங்கல் தன் ஆயுள் முழுவதும் சுமந்தது.

புதிய பெயரிலான 2.0.0 பதிப்பு மே மாதம் வந்தது. பெயர் மாற்றம் பயனரின் கோப்புகளையும் தொட்டது: கணக்கு விவரங்களும் பழைய உரையாடல்களும் இருந்த கோப்புறை 'கெய்ம்' என்பதிலிருந்து 'பர்ப்பிள்' என மாறியது.

உறைந்த பதிப்பும் மாறும் நெறிமுறையும்

டெபியனின் நிலையான வெளியீட்டில் பொதுவாகப் பாதுகாப்புத் திருத்தங்களும் கடுமையான பிழைகளுக்கான திருத்தங்களும் மட்டுமே சேர்க்கப்படும். புதிய பதிப்பு சேராது. அலுவலகச் செயலிக்கு இது நன்மை. ஆனால் உரையாடல் மென்பொருளின் மறுமுனையில் வேறொரு நிறுவனத்தின் வழங்கி இருக்கிறது. எய்ம், ஐசிகியூ, யாகூ போன்றவற்றின் நெறிமுறைகளை அந்தந்த நிறுவனங்களே கட்டுப்படுத்தின.

2008 ஜூலை 1 அன்று ஐசிகியூ வழங்கிகள் பழைய மென்பொருள்களை ஏற்க மறுத்தன. அன்றே பிட்ஜின் 2.4.3 வெளியானது. உபுண்டு 8.04இல் இருந்ததோ 2.4.1. நேற்றுவரை இயங்கிய பொதி, அதில் ஓர் எழுத்தும் மாறாமலேயே பயனற்றுப்போனது. உபுண்டு பராமரிப்பாளர்கள் முழுப் புதிய பதிப்பைச் சேர்க்கவில்லை. தேவையான திருத்தத்தை மட்டும் எடுத்து 2.4.1இல் பொருத்தினர். பின்பொருத்தம் எனப்படும் இம்முறையில் பழைய பதிப்பு எண் நீடிக்கும், பழுது மட்டும் நீங்கும்.

2009 ஜூனில் யாகூவின் உள்நுழைவு முறை மாறியபோது 2.5.7 பதிப்பு தேவைப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் டெபியன் 5.0 'லென்னி' 2.4.3 பதிப்புடன் வெளியாகியிருந்தது. நான்கே மாதங்களில் அது பழையதாகிவிட்டது.

இத்தகைய சிக்கல் உரையாடல் மென்பொருளுக்கு மட்டும் உரியதன்று; நச்சுநிரல் தடுப்பான்களும் விரைவில் காலாவதியாகின்றன. அவற்றுக்காக டெபியன் 'வோலட்டைல்' என்ற தனிக் களஞ்சியத்தை நடத்தியது. 2011இல் டெபியன் 6.0 'ஸ்குவீஸ்' வெளியானபோது, 'ஸ்குவீஸ்-அப்டேட்ஸ்' என்ற அதிகாரப்பூர்வப் புதுப்பிப்புப் பிரிவு அதன் இடத்தைப் பிடித்தது.

பிற்காலம்

2009 அக்டோபரில் வெளியான உபுண்டு 9.10, பிட்ஜினுக்குப் பதிலாக 'எம்பதி' என்ற மென்பொருளை இயல்பிருப்பாக ஏற்றது. பிட்ஜின் களஞ்சியத்தில் தொடர்ந்து கிடைத்தது.

எய்ம் 2017 டிசம்பர் 15 அன்றும், யாகூ மெசஞ்சர் 2018 ஜூலை 17 அன்றும், ஐசிகியூ 2024 ஜூன் 26 அன்றும் நிறுத்தப்பட்டன. எந்தத் திருத்தத்தாலும் அந்த இணைப்புகளை மீட்க முடியாது. யாரும் வழங்கி நடத்தக்கூடிய திறந்த நெறிமுறைகளான எக்ஸ்எம்பிபி (முன்னர் ஜாபர்), ஐஆர்சி ஆகியவற்றுக்கு இந்த முடிவு நேரவில்லை. பிட்ஜின் பொதியை நிறுவுவோர் அவற்றில் இன்றும் உரையாட முடிகிறது.