ஈசோப்பு (கிரேக்கச் சொல்)

ஈசோப்பு என்பது விவிலியத்தில் தூய்மைச் சடங்குகளோடு தொடர்புபடுத்திக் கூறப்படும் நறுமணச் செடியின் பெயராகும். இது ஹிஸ்ஸோபோஸ் என்ற கிரேக்கச் சொல்லின் தமிழ் வடிவம் ஆகும்.

எந்தச் செடி?

எபிரேய விவிலியத்தில் இச்செடி ஏசோவ் எனப்படுகிறது. பாஸ்கா ஆட்டின் இரத்தத்தைக் கதவு நிலைகளில் பூச இதன் கொத்து பயன்பட்டது (யாத்திராகமம் 12:22). கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தொடங்கிய எழுபதின்மர் மொழிபெயர்ப்பு, ஒலியால் நெருங்கிய ஹிஸ்ஸோபோஸ் என்ற சொல்லை இதற்கு ஈடாக வைத்தது. 1753இல் லின்னேயஸ் அப்பெயரை ஹிசோபஸ் அபிசினாலிஸ் என்ற செடிக்கு இட்டார். ஆனால் அச்செடி இஸ்ரேலிலோ எகிப்திலோ இயற்கையாக வளர்வதில்லை. எனவே, இஸ்ரேலின் பாறைச் சரிவுகளில் வளரும் ஒரிகானம் சிரியாக்கம் என்ற செடியே ஏசோவ் எனப் பலர் கருதுகின்றனர். இதுவும் புதினாக் குடும்பத்தைச் சேர்ந்தது. சமாரியர் தம் பாஸ்கா சடங்கில் இன்றும் இதனையே பயன்படுத்துகின்றனர்.

யோவான் 19:29

சிலுவையில் இயேசுவுக்குக் காடியில் தோய்த்த கடற்பஞ்சு ஈசோப்புத் தண்டில் வைத்துக் கொடுக்கப்பட்டதாக யோவான் நற்செய்தி கூறுகிறது. மத்தேயுவும் மாற்கும் அதனைக் கோல் என்கின்றனர். மெல்லிய தண்டு பஞ்சைத் தாங்குமா என்ற ஐயத்தால், மூலச்சொல் ஈட்டியைக் குறிக்கும் ஹிஸ்ஸோஸ் ஆகலாம் எனச் சிலர் கருதினர். எனினும் பழைய கைப்படிகளில் ஈசோப்பு என்றே உள்ளது. இயேசுவைப் பாஸ்கா ஆட்டுக்குட்டியாகக் காட்டவே யோவான் இச்சொல்லைக் கையாண்டார் என்பது மற்றொரு விளக்கம் ஆகும்.